இரண்டு ஷாஃப்ட்டும் ஒரு தம்ளர் தண்ணீரும்

எங்கள் பணிமனைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக என் தலைதான் உருள்கிறது. "செல்வம் சார் வீட்டு வாசல்லயே ஜீப்புக்கு ரெண்டு ஷாஃப்ட்டையும் மாத்திட்டாராமே, ரேம்ப் கூட இல்லாம! உண்மையா?" என்று ஒருவன் கேட்டான். "சார் மாத்துனாரா, ஆள் வெச்சு மாத்துனாரா?" என்று இன்னொருவன். மூன்றாவது ஆசாமி ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தப் பொம்மைதான் என்னை எழுத உட்கார வைத்தது. முப்பத்தைந்து வருடம் அரசாங்க வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். ஆள் வைத்து மாற்றினேனாம்! நானேதான் மாற்றினேன். சரி, எழுத வந்த பிறகு பொய் எதற்கு. நானும் என் மனைவியும் மாற்றினோம்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பது வண்டியின் அடியில் நீளமாகப் போகும் இரும்புக் குழாய். எஞ்சினின் சுழற்சியை அதுதான் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோகிறது. காடு மேடு ஏறுகிற ஜீப்புக்கு நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஷாஃப்ட். ஒவ்வொரு ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு இருக்கும். அதைக் கிராஸ் என்போம். கிராஸின் நான்கு கைகளிலும் நான்கு கப். கப்புக்குள் விரல் நகம் நீளத்துக்குச் சின்னச் சின்ன எஃகு ஊசிகள் வட்டமாக நிற்கும். எனக்கு வந்த வம்பெல்லாம் அந்த ஊசியால் வந்ததுதான்.

ஐ.டி.ஐ. படித்தேன், அப்ரண்டிஸாக இரண்டு வருடம் டீ வாங்கிக் கொடுத்தேன், பிறகு பணிமனையில் மெக்கானிக் ஆனேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. எங்கள் ஃபோர்மேன் அந்துவானைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். மேலதிகாரியிலிருந்து வாசலில் நிற்கும் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சு பாஷையில் ஐயா. குரலை உயர்த்த மாட்டார். யாராவது அவசரப்பட்டால் "தூஸ்மா, தூஸ்மா" என்பார். மெதுவாக என்று அர்த்தம். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் எவனுக்கோ அன்றைக்கு நேரம் சரியில்லை என்று நாங்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவோம்.

ஷாஃப்ட் கழற்றுவதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஷாஃப்ட் நடுவில் இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று பல்லோடு பல் நுழைந்து நிற்கும். பிரிப்பதற்கு முன் இரண்டு துண்டிலும் எதிரெதிரே பஞ்ச் என்கிற கூர் இரும்பால் ஒரு புள்ளி அடிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது புள்ளிக்கு நேராகப் புள்ளி வர வேண்டும். அப்போதுதான் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். சில பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி ஓடும். ஆனால் மொத்த வண்டியும் உதறும். "சாக்பீஸ் வாணாம் செல்வம், அது அழிஞ்சிடும். புள்ளி அழியாது" என்று அவர் எனக்கு ஒருமுறைக்கு நான்குமுறை சொல்லியிருந்தார்.

எனக்கோ அப்போது இளமைத் திமிர். ஒரு துறையின் ஜீப்புக்குப் புள்ளி வைக்காமலே ஷாஃப்ட்டைப் பிரித்துப் பூட்டிவிட்டேன். இரண்டாம் நாள் டிரைவர் வந்து நின்றார். "அண்ணே, நாப்பதத் தாண்டுனா சீட்டு ஆடுதுண்ணே." "டயரைப் போய்ப் பாரு. எங்கிட்ட வராத" என்று விரட்டினேன். திரும்பினால் முசியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் ஒன்றும் திட்டவில்லை. கேன்டீனிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளர் எடுத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, என் கையில் கொடுத்தார். "பின்னாடி ஏறு. மடியில வெச்சுக்கோ. வில்லியனூர் வரைக்கும் போயிட்டு வரலாம்." டிரைவர் வண்டியை எடுத்தார். போகும்போதே பாதித் தண்ணீர் என் மடியில். திரும்பி வரும்போது தம்ளரில் ஒரு மடக்குத்தான் மிச்சம். பேன்ட் நனைந்தது எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பணிமனை மொத்தமும் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"டயரா, செல்வம்?"

"இல்ல முசியே."

"அப்ப?"

"புள்ளி வைக்கல முசியே."

"போ. பேன்ட்ட மாத்திட்டு வந்து புள்ளி வை." அவ்வளவுதான். மெமோ கிடையாது, மேலதிகாரிக்குப் புகார் கிடையாது. அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை நான் பூட்டிய ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் தம்ளர் தண்ணீர் வைத்துப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. முசியே போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அந்தத் தம்ளரைக் கேன்டீன்காரரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இனி வீட்டு வாசல் கதைக்கு வருகிறேன். என் மனைவி பிலோமினா கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஜெயந்தி டாக்டர் என்று ஒரு அம்மா, மாதம் ஒரு சனிக்கிழமை தன்னுடைய பழைய ஜீப்பில் கல்வராயன் மலைக்குப் போய் ஒரு ஊரில் முகாம் போடுவார். இவளும் கூடப் போவாள். அந்த ஊரில் பிரஷர், சர்க்கரை, வலிப்பு என்று நாற்பத்தொரு பேருக்கு ஒரு மாத மாத்திரை கொடுப்பார்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் செம்மண் ஏற்றம். ஜீப் தவிர எதுவும் ஏறாது.

போன முகாம் முடிந்து திரும்பும்போது ஜீப்புக்கு அடியில் 'டங்' என்று சத்தம். ஒருமாதம் அதை அப்படியே போட்டுவிட்டு, அடுத்த முகாமுக்கு ஐந்து நாள் இருக்கும்போது டாக்டர் அம்மா கராஜுக்கு அனுப்பினார். விட்டுவிட்டுப் போங்கள், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். டாக்டர் அம்மா வீட்டுக்கே வந்து சொன்னார். "இந்த மாசம் வேன்ல போயிடலாம் சிஸ்டர். அடிவாரத்துல முகாம் போடுவோம். மேல இருக்கிறவங்க எறங்கி வரட்டும். நான் சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் போனதும் பிலோமினா வைத்திக்குப்பத்தில் வாங்கி வந்த சங்கரா மீனை அரிவாள்மனையில் வெட்டிய வெட்டில் மீன் தலை வாசலில் போய் விழுந்தது. "காசியம்மாவுக்கு எழுவது வயசுங்க. ரெண்டு முட்டியும் வீங்கிக் கெடக்குது. அது எப்பிடி எறங்கும்? சனிக்கிழமையோட அதுக்கு மாத்திரை தீந்துடும். ரெண்டு நாள் விட்டாப் போதும், வலிப்பு வந்துடும். போன வருசம் அடுப்பு மேலயே விழுந்துச்சு."

"நான் ஷாஃப்ட்ட மாத்திக் குடுத்துட்டா?"

"வாயால மாத்துவீங்களா?"

வந்ததே கோபம் எனக்கு! மறுநாளே போய் ஜீப்பை வீட்டுக்கு ஓட்டிவந்தேன். அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டு ஷாஃப்ட்டிலும் பல் தேய்ந்து ஆட்டம். கிராஸ் மாற்றினால் மட்டும் தீராது, ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். விழுப்புரத்தில் பழைய வண்டி பிரிக்கிற ஒருவரிடம் இதே மாதிரி ஜீப்பின் இரண்டு ஷாஃப்ட் கிடைத்தது. நூல் பிடித்து நீளம் பார்த்து, புதுக் கிராஸ் நாலும் வாங்கி, பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை. கையில் இருந்தது ஒன்றரை நாள்.

குழி கிடையாது, ரேம்ப் கிடையாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் கெட்டியான மரக்கட்டைகளை அடுக்கி, கட்டையில் வண்டி உட்கார்ந்ததும் உலுக்கிப் பார்த்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைகிறவனுக்கு முட்டாள் என்று பெயர். ஒவ்வொரு முனையிலும் நாலு போல்ட். கடல்காற்றில் எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டி, வளைத்து, ஒன்றைச் சுத்தியலால் அடித்து உளியால் பெயர்த்து, வியாழன் சாயங்காலத்துக்குள் இரண்டு பழைய ஷாஃப்ட்டையும் இறக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு லூர்துசாமி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "கழட்டிட்ட. சரி. பூட்டுவியா?" என்றார். நான் கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை கிராஸ் பூட்டும் வேலை. பலகையில் ஒரு வைஸைப் பூட்டி உட்கார்ந்தேன். பிலோமினா வெள்ளைத் துணி விரித்து, ஒரு ஸ்டீல் தட்டோடு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கையில் சாக்பீஸ்.

"ஒரு கப்புல எத்தினி ஊசிங்க?"

"இருவத்துநாலு. எதுக்கு?"

"எண்ணணும்."

"புது சாமான் பிலோ. கம்பெனியிலயே எண்ணித்தான் போட்டிருப்பான்."

"தியேட்டருக்கும் பஞ்சு கம்பெனியிலேர்ந்துதான் வருது. எண்ணாம வயித்துக்குள்ள வைக்க மாட்டோம். ஒருத்தர் எண்ணுனா பத்தாது. ரெண்டு பேர் வாய்விட்டு எண்ணணும். நீங்களும் சொல்லுங்க."

மொத்தம் பதினாறு கப். ஒவ்வொன்றையும் வாங்கி, தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணி, மதிலில் இருபத்துநாலு என்று எழுதினாள். நான் வாய்க்குள் முனகினேன். முப்பத்தைந்து வருடத்தில் நான் ஒரு கப்பைக்கூட எண்ணியது கிடையாது. இது ஜீப்பா, குடல்வால் ஆபரேஷனா?

பின் ஷாஃப்ட் மத்தியானத்துக்குள் முடிந்தது. பழைய சாமான் என்பதால் அதில் புள்ளி எதுவும் இல்லை. முசியே கற்றுக்கொடுத்தபடி, கவைகளின் ஓட்டையில் ஒரே அளவு இரும்புக் கம்பி இரண்டை நுழைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். முன்கம்பி பின்கம்பியை முழுசாக மறைக்கிற வரை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி உட்கார வைத்தேன். உடனே பஞ்ச்சை எடுத்து அழுத்தமாக இரண்டு புள்ளி அடித்தேன்.

முன் ஷாஃப்ட்டின் கடைசி கப்பில்தான் வினை. பிலோமினா முசியேயின் தம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினாள். நான் அதை வாங்கக் கையை எடுத்த எடுப்பில் கப் கவிழ்ந்தது. ஊசிகள் தட்டு முழுக்கச் சிதறின. அவள் தம்ளரைத் தட்டின் ஓரத்திலேயே வைத்துவிட்டாள். அள்ளிக் கழுவி, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக நிறுத்தி முடித்தேன். கப்பை வைக்கப் போன கையை அவள் பிடித்தாள். "எண்ணுங்க."

எண்ணினோம். இருபத்துமூன்று.

"இதுல இருவத்துமூணுதான் வந்திருக்கும்" என்றேன்.

அவள் மதிலைக் காட்டினாள். இருபத்துநாலு என்று அவள் கையெழுத்து.

தட்டைத் தடவினேன். துணியை உதறினேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்தேன். ஆணி வந்தது, வாஷர் வந்தது, ஊசி வரவில்லை. மணி நாலு. காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். கடை திறந்திருக்கும், இன்னொரு கிராஸ் வாங்கலாம் என்றால் விழுப்புரம் போய் வர வேண்டும். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒரு ஊசிதானே! இருவத்துமூணே போதும். கிரீஸை அமுக்கிவிட்டா ஓடும், எவனுக்கும் தெரியப் போறதில்ல."

சொன்னது பொய் இல்லை. ஓடத்தான் செய்யும். விழுப்புரம் வரை ஓடும், கள்ளக்குறிச்சி வரை ஓடும். ஏற்றத்தில் பாரம் விழும்போது இடைவெளி கிடைத்த ஊசிகள் ஒவ்வொன்றாகச் சாயும், கிராஸ் முறியும், ஷாஃப்ட் கழன்று அடியில் அடிக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிலோமினா கப்பின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். "எவ்ளோ பெரிய சர்ஜன் ஆனாலும் சரி, கணக்கு சேராம நாங்க தைக்க விட மாட்டோம். கத்துவாங்க. கத்தட்டும்னு நிப்போம். நீங்களும் கத்திக்கோங்க."

நான் எழுந்தேன். ஆறிப்போன டீயை எடுத்து அண்ணாந்து குடித்தேன். தரையில் உட்கார்ந்திருந்த அவள் "அப்பிடியே இருங்க!" என்று கூவினாள். நான் தம்ளரைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றேன். எட்டித் தம்ளரின் அடியிலிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்து என் கண்ணெதிரே நீட்டினாள். தட்டில் தம்ளரை வைத்த இடத்தில் கிரீஸ் ஒட்டி, அந்தக் கிரீஸில் ஊசி ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு மணி நேரமாக ஊரையே காந்தத்தால் பெருக்கினேன். அது என் டீக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். லூர்துசாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்னாய்யா, பூட்டியாச்சா?" என்றார்.

"இருவத்துநாலு" என்றாள் அவள். "இருவத்துநாலு" என்றேன் நானும், முதல்முறையாக மனசார.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஷாஃப்ட்டை ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்துப் போல்ட் போட முடியாது என்று நான் யோசிக்க, அவள் பழைய புடவையைக் கிழித்துச் சேஸிஸ் சட்டத்தில் முடிச்சுப் போட்டு, கால் முறிந்தவர் காலைத் தொங்கவிடுகிற மாதிரி ஷாஃப்ட்டைத் தூளியில் தொங்கவிட்டாள். "தூஸ்மா" என்று நான் சொன்னதைக் கேட்டு, "அதை நீங்க மொதல்ல கேளுங்க" என்றாள். பதினாறு போல்ட்டும் ஏறி இறுகியபோது இன்னும் இருட்டவில்லை. டாக்டர் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "மேலயே போறோம் டாக்டர்." மலை ஊருக்கு மட்டும் ஃபோன் கிடைக்கவே இல்லை.

சனிக்கிழமை விடியலில் நான் வண்டியை எடுத்தேன். பிலோமினா பின்சீட்டில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்து, மடியில் அந்தத் தம்ளர் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டாள். "எதுக்கு சிஸ்டர் இது?" என்றார் டாக்டர் அம்மா. "அவரோட பரீட்சை டாக்டர். பேச்சுக் குடுக்காதீங்க." நாற்பது தாண்டியது. ஐம்பது. அறுபது. எனக்கு ரோடு தெரிந்ததைவிடக் கண்ணாடியில் அவள் முகம்தான் அதிகம் தெரிந்தது. விழுப்புரம் வந்ததும் தம்ளரை முன்னால் நீட்டி, "குடிங்க" என்றாள். அவள் புடவையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அந்தத் தண்ணீர் மாதிரி ஒரு தண்ணீரை நான் குடித்ததே இல்லை.

செம்மண் ஏற்றத்தில் முன் ஷாஃப்ட்டையும் சேர்த்து இழுக்கிற லீவரைப் போட்டேன். முந்தின நாள் மழையில் பாதை குழம்பிக் கிடந்தது. சக்கரம் வழுக்கியது, உறுமியது, நாலும் பிடித்தது, ஏறிவிட்டது. 'டங்' இல்லை, உதறல் இல்லை. எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. அடித்தேன். டாக்டர் அம்மா சிரித்துவிட்டார்.

பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். அடிவாரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் ஜீப் சத்தம் கேட்டு அங்கேயே வந்துவிட்டார்கள். "நீங்கதான் ரெண்டாவது ஆளு. எண்ணுங்க" என்று பிலோமினா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு பொட்டலமும் கை மாற மாற அவள் சொன்ன எண்ணை நானும் சொன்னேன். மத்தியானம் நாற்பதில் வந்து நின்றது. பெட்டியில் ஒரு பொட்டலம் மிச்சம். அதன்மேல் காசியம்மா என்று எழுதியிருந்தது.

"நேரமாவுது சிஸ்டர். பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிடலாமே" என்றார் டாக்டர் அம்மா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வரிசையில்தான் நின்றாள். "காசியம்மாவா? அது விடியறதுக்கு முன்னாடியே ஒத்தையடிப் பாதையில எறங்கிப் போச்சே. இந்த மாசம் அடிவாரத்துலதான் மாத்திரைன்னு சொன்னாங்களே" என்றாள்.

பிலோமினா என்னைப் பார்த்தாள். பெட்டியை மூடவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒற்றையடிப் பாதை ரோட்டில் வந்து சேரும் இடத்தில், ஒரு கல்மேல், செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தது. முட்டி இரண்டும் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தன.

"யாருய்யா நீ?"

"நர்சம்மா வூட்டுக்காரன்மா. ஏறு, மேல போவலாம்."

"வண்டி ஒடைஞ்சு போச்சுன்னாங்களே?"

"ஒடைஞ்சிச்சு. பூட்டியாச்சு."

தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அந்த ஏற்றத்தை ஜீப் முதல்முறையைவிடச் சுளுவாக ஏறியது. வராந்தாவில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து, முசியேயின் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அன்றைய மாத்திரையை வண்டியிலேயே விழுங்க வைத்தாள். பொட்டலத்தை அந்த அம்மா முந்தானையில் முடிந்துகொண்டது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் பிலோமினா. சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருந்தாள்.

"நாப்பத்தொண்ணு" என்றேன் நான், ஊருக்கே கேட்கும்படி. அவள் பெட்டியை மூடினாள்.